ரெனால்ட் டஸ்டர் 1.5 டீசல்: டைமிங் பெல்ட்டை எடுத்துவிட்டு கியர் போடலாமா?

தாம்பரம்_டஸ்டர்
வணக்கம். நம்ம ஓரகடத்தில் தயாரான வண்டிதான். பிஸ்டனும் வால்வும் சரியான நேரத்தில் அசைய வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டிய கெடு நெருங்குகிறது. இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கும், ஹெட்டை (இன்ஜினின் மேல் பகுதியை) கழற்ற வேண்டி வரும் என்கிறார் மெக்கானிக். லாரியில் எல்லாம் கியர்தானே இருக்கிறது? அதே மாதிரி இதிலும் பல்சக்கரம் வைத்து ஒரேயடியாக முடித்துவிட முடியுமா? செலவைப் பற்றிக் கவலையில்லை. குடும்பத்தோடு அடிக்கடி ஊருக்குப் போகிற வண்டி, நடுவழியில் நிற்கக்கூடாது.

அம்பத்தூர்_ஹாப்பிங்
முடியும் சார். கியர் வெட்டுவதுதான் என் தொழில், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் அச்சு) இரண்டு சுற்று சுற்றினால் கேம் (வால்வைத் திறக்கும் அச்சு) ஒரு சுற்று. இந்த 2:1 தவறாமல் இருந்தால் போதும், அதைக் கியரைவிட உறுதியாகக் காப்பது எதுவுமில்லை. பெல்ட் என்பது ரப்பரும் கண்ணாடி இழையும்தான். ஜிஎஸ்டி ரோட்டில் ஏசி போட்டு ஒரு மணி நேரம் நின்றால் கிலோமீட்டர் ஏறாது, ஆனால் பெல்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கியருக்கு இந்தக் கவலை இல்லை. லேண்ட் ரோவர் 300 டிடிஐ இன்ஜினுக்கு பெல்ட்டை எடுத்துவிட்டுப் போடுகிற கியர் கிட் பிரிட்டனில் விற்றிருக்கிறார்கள். அங்கே நடந்தது இங்கே ஏன் நடக்காது?

புதுப்பேட்டை_ஹெட்வேலை
அண்ணா, நீங்கள் சொன்ன அந்த லேண்ட் ரோவர்தான் இதற்கு பதில். அதில் கேம் பிளாக்குக்குள் (சிலிண்டர்கள் உள்ள கீழ்ப் பகுதிக்குள்) இருக்கிறது, கம்பி வழியாக மேலே வால்வைத் தள்ளும் புஷ்ராட் இன்ஜின். கிராங்க், கேம், டீசல் பம்ப் மூன்றும் பிளாக்கின் பக்கமே இருப்பதால் நடுவில் உள்ள தூரம் மாறாது. கியருக்கு வேண்டியதே அதுதான்.

டஸ்டரில் கேம் ஹெட்டில் இருக்கிறது. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். 100 மி.மீ. அலுமினியம் 70 டிகிரி சூடேறினால் சுமார் 0.16 மி.மீ. நீளும், இரும்பு அதில் பாதிதான் நீளும். பல்லுக்குப் பல் விடுகிற இடைவெளியே கிட்டத்தட்ட அந்த அளவுதானே? குளிரில் சரியாக உட்கார்ந்த கியர் சூட்டில் தளர்ந்து அடிக்கும். சூட்டுக்குப் பொருத்தி வைத்தால் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது இறுகும். அப்புறம் ஒரு நாள் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்பு) போய் ஹெட்டை ஃபேசிங் பண்ணினால், அதாவது அடிப்பக்கத்தைச் சீவினால், தூரம் மறுபடி மாறும். பெல்ட்டில் இதையெல்லாம் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பார்த்துக்கொள்கிறது.

அடையாறு_ரைடர்
ஹெட்டில் கேம் இருந்தால் கியர் ஆகாது என்பது சரியில்லை. ஹோண்டா விஎஃப்ஆர் 750 பைக்கில் 1986-லேயே கியர் டிரைவ், கேம் நான்கும் மேலேதான். அந்த விசில் சத்தத்துக்காகவே அதை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

அம்பத்தூர்_ஹாப்பிங்
அதைத்தான் சொல்ல வந்தேன். ஃபோக்ஸ்வாகன் டூவாரெக்கில் வந்த ஐந்து சிலிண்டர் 2.5 டீசலிலும் கியர்தான், கேம் ஹெட்டில்தான். இடைவெளிக்கு வழி இருக்கிறது தம்பி: சிசர் கியர். ஒரே கியரை இரண்டு தட்டாக்கி நடுவில் ஸ்பிரிங் வைத்தால் தளர்வை அதுவே எடுத்துக்கொள்ளும். இந்த ஊரில் வெட்ட முடியாத கியரா?

புதுப்பேட்டை_ஹெட்வேலை
கியரை வெட்டிவிடுவீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதில் மாட்டுவீர்கள்? ஹோண்டாவும் ஃபோக்ஸ்வாகனும் இன்ஜினை வரையும்போதே கியருக்கு இடம் விட்டு வரைந்தார்கள். இங்கே பெல்ட் ஓடுவது எண்ணெய் படாத உலர்ந்த பக்கம், மேலே மூடி வெறும் பிளாஸ்டிக். கியருக்கு எண்ணெய் வேண்டும். அதற்கு ஒழுகாத உலோகப் பெட்டி, எண்ணெய் வரும் வழி, திரும்பிப் போகும் வழி எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். நடுவில் நின்று சுழற்சியைக் கடத்தும் ஐட்லர் கியருக்கான அச்சைத் தாங்க பிளாக்கில் இடமே கிடையாது. கேம் கிராங்கின் திசையிலேயே சுற்ற நடுவில் ஒற்றைப்படையில் ஐட்லர் வேண்டும். டீசல் பம்ப்பும் வாட்டர் பம்ப்பும்கூட இதே பெல்ட்டில்தான் ஓடுகின்றன, அவற்றையும் கியரில் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு வண்டிக்காகச் செய்து, சோதித்தே பார்க்காத அமைப்பை நம்பி ஒரு குடும்பத்தை நெடுஞ்சாலையில் அனுப்புவீர்களா? நான் அனுப்ப மாட்டேன்.

வேளச்சேரி_கால்டாக்ஸி
எங்கள் ஏரியாவில் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் பெல்ட் மூடியைக் கழற்றிப் பார்க்காமல் ஓட்டாதீர்கள். உள்ளே மண் தங்கியிருக்கும்.

தாம்பரம்_டஸ்டர்
பிளாக், ஹெட் தூரம் மாறும் என்பது எனக்குப் புது விஷயம். பெல்ட்டே மாற்றிவிடுகிறேன். ஆனால் அது அறுந்துவிடுமோ என்ற பயம் போகவில்லை. என்னென்ன சேர்த்து மாற்ற வேண்டும்?

அம்பத்தூர்_ஹாப்பிங்
சிசர் கியரில் நான் சொன்னது சொன்னதுதான். ஆனால் அந்த எண்ணெய்ப் பெட்டியை உங்கள் வண்டியில் நான் செய்து பார்த்ததில்லை, அதனால் இப்போதைக்கு பெல்ட்டே போடுங்கள் சார். கேம் பிளாக்கில் இருக்கிற பழைய இன்ஜின் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், அதற்கு நான் தயார்.

புதுப்பேட்டை_ஹெட்வேலை
டென்ஷனரையும் வாட்டர் பம்ப்பையும் பெல்ட்டோடு சேர்த்தே மாற்றுங்கள். பம்ப் பேரிங் இறுகினாலும் பெல்ட் போய்விடும். கிராங்க் சீலில் எண்ணெய்க் கசிவு இருந்தால் அதையும் பாருங்கள், எண்ணெய் பட்ட பெல்ட் ஊறிப் பல் உதிரும். மேனுவலில் கிலோமீட்டர், வருடம் இரண்டும் போட்டிருக்கும், எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. நம்ம டிராஃபிக்கில் பெரும்பாலும் வருடம்தான் முந்தும். கேமையும் கிராங்கையும் அசையாமல் பூட்டிப் பிடிக்கும் லாக்கிங் பின் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் முதலிலேயே கேளுங்கள். பெயிண்ட் மார்க் வைத்து மாற்றுவேன் என்றால் வேறு இடம் பாருங்கள். பெல்ட் மாட்டிய பிறகு பின்களை எடுத்துவிட்டு, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, பின்கள் மறுபடி உள்ளே போகின்றனவா என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள்.