சுவருக்குக் கோணலாக ஓடிய வரிசைகள்: உங்கள் அனுபவம் என்ன?

காட்பாடிவாசி:
மேல்விஷாரத்து நண்பர், தாம் பொறுப்பேற்றுக் கட்டிவந்த பள்ளிவாசலைத் திறப்புக்கு முன்பே பார்த்துவிடும்படி அழைத்துச் சென்றார். தொழும் திசையைக் காட்டும் சுவர்மாடமான மிஹ்ராப், கோபுரமான மினாரா எல்லாம் நீங்கள் அறிந்தவையே. என்னை நிறுத்தியது தரை. மனை தெருவை ஒட்டியிருந்ததால் சுவர்கள் தெருவோடு போக, தொழுகை வரிசைக் கோடுகள் மட்டும் கோணலாக ஓடின. ஏனெனில் நம் வேலூர்ப் பகுதியில் கிப்லா, அதாவது மக்காவை நோக்கித் தொழும் திசை, நேர் மேற்கன்று, ஏறத்தாழ 18 பாகை வடக்கே விலகியது. சுவரோரம் எஞ்சிய முக்கோண இடங்களுக்காகக் கொத்தனார் கற்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பொருத்திக்கொண்டிருந்தார். "சுவர் எழும்பிடுச்சு சார், வரிசையைத்தான் திருப்பினோம்" என்றவர், "நம்ம கோயில்ல பலிபீடம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அவரும் என்னைப்போல் கிறிஸ்தவர். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி இன்றும் விடவில்லை.

ஆற்காட்டுக்காரர்:
பலிபீடம் கிழக்கே அமைவது பழைய மரபு. ஆனால் அது மக்காவை நோக்குவது போன்ற கட்டாயமன்று. ரோமின் தூய பேதுரு பேராலயத்திலேயே வாசல் கிழக்கிலும் பலிபீடம் மேற்கிலும் உள்ளன. ஆகவே கொத்தனாருக்கு உங்களால் பதில் சொல்ல முடியாததில் வெட்கம் வேண்டாம். என் அனுபவம் வேறு. வேலூர்க் கோட்டைக்குள் 1846ஆம் ஆண்டில் எழுந்த தூய யோவான் ஆலயத்துக்கு அத்தையை அழைத்துப்போனேன். மாதா சொரூபத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றியே பழகிய அவர், சீர்திருத்தச் சபையின் அந்த ஆலயத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, மசூதி மாதிரி வெறுமையா இருக்கு" என்றார். உருவம் இல்லாத இடத்தில் கலைக்கு வேலையில்லை என்றே எனக்கும் தோன்றுகிறது.

வாணியம்பாடி வாசகி:
மேலே சொன்னதை ஏற்க இயலாது. எருசலேமில் 691இல் நிறைவுற்ற பாறைக் குவிமாடம் என்ற இஸ்லாமியக் கட்டடத்தின் உட்புறத்தில் ஒரு மனித உருவமும் இல்லை. பொன் பின்னணியில் கொடிகளும் குர்ஆன் வசனங்களும் மொசைக்கில் ஓடுகின்றன. உருவ மறுப்பு ஒரு மதத்துக்கே உரியதுமன்று. பைசாந்தியம் என்ற கிழக்கு ரோமானியப் பேரரசில் கிறிஸ்தவர்களே 8, 9ஆம் நூற்றாண்டுகளில் திருவுருவங்களை அழித்து, 843இல்தான் அவற்றை முடிவாக மீட்டார்கள். சிறுமியாக இருந்தபோது, எங்கள் பள்ளிவாசல் சுவரில் எழுத்து வரைபவர் அரபியின் முதல் எழுத்தான, நேர்கோடு போன்ற ஒரு அலிஃபை நிமிர்த்தக் காலை முழுவதும் செலவிட்டதைப் பார்த்தேன். அதைக் கலையல்ல என்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

பள்ளிவாசல் பார்க்கப் போகிறவர்களுக்கு: வெள்ளி நண்பகலைத் தவிருங்கள், பொறுப்பாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பெண்கள் உள்ளே வரலாமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். தொழுபவரின் குறுக்கே நடக்காதீர்கள், படமெடுக்காதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது சென்றால் சுதை வேலையின் மேடுபள்ளம் தெளிவாகத் தெரியும். குழல்விளக்கு எரியும் நேரத்தில் எல்லாமே தட்டையாகிவிடும்.