திருகோணமலைச் சீனன்குடாவில எண்ணெய் கொட்டினா முதல்ல ஆர் வருவினம்?

துறையடியான்: வெள்ளைக்காரன் கட்டின எண்ணெய்க் குதங்களில 99 மிச்சம், ஒண்டுக்குள்ள ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் பிடிக்கும். 2022இல இந்தியாவோட செய்த ஒப்பந்தத்தில 61ஐக் கூட்டாத் திருத்தி எடுக்கிறதெண்டு முடிவாச்சு. இறக்கிற குழாய் வெடிச்சா ஆர் பொறுப்பு?

கடல்காகம்: 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபை. தேசிய எண்ணெய்க் கசிவுத் திட்டத்தில நேவி, கோஸ்ட்கார்ட், துறைமுகம் எல்லாத்துக்கும் வேலை பிரிச்சிருக்கு. 2020 செப்டெம்பரில சங்கமன்கண்டிக்கு அங்கால நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் எரிஞ்சதே, ஏத்திவந்த 270,000 தொன் மசகெண்ணெய் கடலுக்கு வந்ததோ?

கரைவலைக்காரன்: வராதது எங்கட கெட்டித்தனமோ, எண்ணெய்த் தாங்கி உடையாத அதிஷ்டமோ? இந்தியக் கப்பலும் வந்து தண்ணி அடிச்சது. அடுத்த வருசம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரியேக்க உந்தத் திட்டமும் இருந்தது, அதே சபையும் இருந்தது. கடைசியில பிளாஸ்ரிக் குருணியைச் சாக்கில அள்ளினவை.

கடல்காகம்: அதுக்குத்தான் 2025 ஜூலையில உயர் நீதிமன்றம் கப்பல்காரரை 100 கோடி டொலர் கட்டச் சொன்னது. ஊத்தினவன் கட்டவேணும்.

கரைவலைக்காரன்: கட்டட்டும். போன கச்சான் காத்துக் காலத்தில எந்தக் கப்பல் விட்டதோ, வலை மடி முழுக்கக் கறுப்பெண்ணெய். நாலு நாள் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சன், கைத்தோல் உரிஞ்சது. ஒரு கந்தோருக்கு அடிச்சன், "போட்டோ அனுப்புங்கோ" எண்டினம். மூண்டாம் நாள் மாதிரி எடுக்கப் போத்திலோட வரேக்க எண்ணெயை மண் மூடிட்டுது. நட்டம் கேக்க மீன் வித்த கணக்கு வேணுமாம். வலைச் சொந்தக்காரச் சம்மாட்டி எழுதுறது சிகரெட் பெட்டி மட்டையில.

கிண்ணியா நானா: தம்பிமார், எண்ணெய் கரைக்கிற மருந்தடிப்பாங்க எண்டு நம்பி இருக்காதீங்க. அது எண்ணெயை இல்லாமலாக்காது, துகளாக்கித் தண்ணிக்குள்ள இறக்கும். ஆழ்கடலுக்குச் சரி, இறால் குஞ்சு வளர்ற தம்பலகாமக் குடாவுக்கு விசம். குடா வாயில எண்ணெய் மறிக்கிற மிதவை, பூம் எண்டுவாங்க, அதைக் கட்டணும். அதையும் ஓட்டத்துக்குக் குறுக்கே நேராக் கட்டினா 0.7 நொட்டு (மணிக்கு 1.3 கிலோமீற்றர்) வேகத்துக்கு மேல எண்ணெய் அடியால போயிரும். சரிச்சுக் கட்டணும். கிண்ணியாப் பாலத்தடி ஓட்டம் எப்ப திரும்பும் எண்டு தோணிக்காரனுக்குத்தான் தெரியும்.

கடல்காகம்: ஒத்துக்கொள்ளுறன் நானா. ஆனா புதுசாக் கொட்டின எண்ணெய் ஆவியில தலை சுத்தும். பயிற்சியில்லாத சனத்தை இறக்கக்கூடாது.

கரைவலைக்காரன்: அப்ப பயிற்சியைத் தாங்கோவன். பூம் திருமலையில எந்த ஸ்ரோரில கிடக்கு எண்டாவது சொல்லுங்கோ.

கடல்காகம்: விசாரிச்சுப் போட்டுச் சொல்லுறன்.

துறையடியான்: வெள்ளிக்கிழமைக்கு முன்னம் சொல்லுங்கோ.