முன்கால் லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவில் வைத்த பேட்: அழுகல் நாற்றம், ஆணித் தளர்வு, தார்ச்சாலையில் குறுகிய நடை. கழற்றலாமா?

சேணம்:
வணக்கம். சிங்கப்பூரின் கிராஞ்சியில் பந்தயம் ஓடி ஓய்வுபெற்ற தரோபிரெட் இனக் குதிரை, வயது 9. முன்கால் இரண்டிலும் உள்ளங்குளம்பு மெல்லியது. கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக அமுங்குகிறது. லாயத்திலிருந்து மணல் திடலுக்குப் போகும் வழி முழுக்கத் தார், ஓரங்களில் சரளைக்கல். அதனால் இந்த முறை இரும்பு லாடத்தோடு 3 மி.மீ. முழு பிளாஸ்டிக் பேட் வைத்து அடித்தார்கள். முதல் வாரம் நடை நன்றாக இருந்தது.

இப்போது மூன்றாவது வாரம். குதிப்பக்கம் அழுகிய நாற்றமும் கறுப்புக் கசிவும் இருக்கின்றன. இடது முன்காலில் வெளிப்பக்க ஆணி இரண்டின் மடிப்பு (சுவருக்கு வெளியே வளைத்த நுனி) எழும்பியிருக்கிறது. தாரில் அடி குறுகிவிட்டது, மணலில் ஒழுங்காகவே நடக்கிறான். அடுத்த லாடம் இரண்டு வாரம் கழித்துத்தான். அதுவரை பொறுக்கலாமா? தோல் பேட்டுக்கு மாறலாமா? வெட்ஜ் பேட் (குதியை உயர்த்தும் சாய்வுப் பேட்) வைத்தால் சரியாகும் என்று ஒருவர் சொல்கிறார்.

லாடக்கொட்டில்:
பதில் சொல்லும் முன் நான்கு விஷயம் தெரிய வேண்டும்.

கணுமூட்டுக்குப் பின்னால், இரு ஓரத்திலும் விரல் வைத்து நாடி பாருங்கள். ஒரு காலில் மட்டும் துடிப்பு பலமாக, குளம்பு சூடாக இருந்தால் சீழ்க்கட்டிச் சந்தேகம். இரண்டு காலிலும் பலமாக இருந்து, குதிரை எடையைப் பின்னுக்குச் சாய்த்து நின்றால் லேமினைட்டிஸாக (குளம்புச் சுவரை எலும்போடு பிணைக்கும் படலத்தின் அழற்சி) இருக்கலாம். இரண்டில் எது என்றாலும் பேட்டைப் பற்றி இங்கே பேசிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கால்நடை மருத்துவர்தான்.

அடுத்து, பேட்டுக்கும் உள்ளங்குளம்புக்கும் நடுவில் ஏதாவது நிரப்பினார்களா? பேட் இல்லாத காலத்தில் அடித்த அதே அளவு ஆணியா? சவாரி முடிந்து எப்படிக் குளிப்பாட்டுகிறீர்கள்?

சேணம்:
நாடி இரண்டிலும் மெல்லியதாக, சமமாக இருக்கிறது அண்ணே. சூடு இல்லை. நிரப்பு எதுவும் தெரியவில்லை. குதிப்பக்கம் விரல் நுனி நுழையும் இடைவெளி இருக்கிறது, உள்ளே ஈர மணல். ஆணி பழைய அளவுதான். ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் தலை முதல் குளம்பு வரை ஹோஸ் பிடிக்கிறோம்.

லாடக்கொட்டில்:
அப்படியானால் காரணம் அநேகமாகத் தெரிந்துவிட்டது. இரண்டு வாரம் பொறுக்க வேண்டாம். லாடக்காரரை இந்த வாரமே வரச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் குளம்பின் குதிப்பக்கம் கொஞ்சம் விரியும், தூக்கும்போது சுருங்கும். குதியில் இடைவெளி இருந்தால் அந்த அசைவிலேயே மணலும் நீரும் உள்ளே போகும். வெளியே வர வழி கிடையாது. முன்னோக்கி நகர்ந்து முனைப்பக்கம் கெட்டிப்படும். அங்கேதான் குளம்புக்குள் இருக்கும் காஃபின் எலும்பின் நுனி இருக்கிறது, இப்படிப்பட்ட குளம்பில் உள்ளங்குளம்பு மிக மெல்லிதான இடமும் அதுதான். மணல் திடலில் கால் புதைவதால் அந்த அழுத்தம் பரவிவிடும். தாரில் லாடம் துளியும் புதையாது, உள்ளே கெட்டிப்பட்ட மணல் நேராக உள்ளங்குளம்பைக் குத்தும். தாரில் மட்டும் நடை குறுகுவது இதனோடு பொருந்துகிறது. காப்புக்காக வைத்த பேட்டே வலிக்குக் காரணமாகிவிடும்.

நாற்றம் ஃபிராக் (உள்ளங்குளம்பின் நடுவே, குதிப்பக்கம் உள்ள முக்கோண மென்பகுதி) அழுகலின் அடையாளம். காற்றுப் படாத ஈர இடத்தில் வளரும் கிருமிகளால் வருவது அது. நிரப்பாத முழு பேட் அந்தக் கிருமிகளுக்கு வசதியாகப் போய்விடுகிறது.

ஆணி விஷயம் எளிது. பேட் 3 மி.மீ. இடத்தை எடுத்துக்கொண்டால் அதே ஆணி குளம்புச் சுவரில் அந்த அளவுக்குத் தாழ்வாகத்தான் வெளிவரும். ஊறி மென்மையான சுவரின் அடிப்பகுதி அதைப் பிடித்து வைக்காது. பேட் வைத்தால் ஒரு அளவு நீண்ட ஆணி வேண்டும். 4 ஆம் எண் போட்டிருந்தால் 5. சுவர் உயரத்தில் கீழிருந்து சுமார் மூன்றில் ஒரு பங்கில் ஆணி வெளிவந்தால் பிடிப்பு நிற்கும்.

ஈரமண்:
கழற்றும் முறையிலும் கவனம் வேண்டும். மடிப்புகளை முதலில் அரத்தால் தேய்த்துவிடச் சொல்லுங்கள். குறட்டை உள்குதி, வெளிக்குதி என்று மாற்றி மாற்றிப் பிடித்து, முனையை நோக்கி, சற்றே உள்பக்கமாகச் சாய்த்து இழுக்க வேண்டும். வெளிப்பக்கம் நெம்பினால் சுவர் பிய்ந்துவிடும். மெல்லிய உள்ளங்குளம்பைக் குறட்டின் தலைக்கு முட்டாகப் பயன்படுத்தவே கூடாது.

கழற்றியதும் நீர்த்த போவிடோன் அயோடினால் கழுவி, துணியால் ஒற்றி உலர்த்துங்கள். ஃபிராக்கின் நடுப்பள்ளத்தில் பஞ்சை நூல்போல் திரித்து அடிவரை செலுத்திப் பாருங்கள். ஆழமாகப் போனாலோ, குதிரை காலை வெடுக்கென்று இழுத்தாலோ அழுகல் உயிர்த்தசைவரை போயிருக்கலாம், மருத்துவர் பார்க்க வேண்டும். மேலோட்டமாக இருந்தால் தொங்கும் செத்த பகுதியை லாடக்காரர் சீவிவிடுவார். பிறகு தினமும் சுத்தம் செய்து உலர்த்தி மருந்து. மயில்துத்தத்தை அப்படியே தூவாதீர்கள், பச்சைத் தசையை அது எரிக்கும்.

தோல் பேட்டைப் பற்றி: பலர் அது மூச்சு விடும் என்று நம்பி வாங்குகிறார்கள். குளிர்ந்த, வறண்ட ஊருக்கு அது பொருந்தும். இங்கே ஆண்டுக்கு 2,100 மி.மீ. மழை, டிசம்பர் வந்தால் நாள் கணக்கில் விடாத தூறல். தோல் ஊறும், நசுங்கும், நசுங்கிய இடத்தில் ஆணி ஆடும். ஈரப்பதம் குறையாததால் காயாது. என் கருத்து, வேண்டாம்.

லாடக்கொட்டில்:
முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது. பைன் மரத் தாரில் ஊறவைத்த சணல் நாரை உள்ளே திணித்து, குதிவரை அடைத்து, மேலே தோல் வைத்தால் 4 வாரம் தாங்கும். தார் நீரை விலக்கும், கிருமியையும் ஓரளவு அடக்கும். ஆனால் 4 வாரத்துக்கு மேல் ஒருநாள்கூட நீட்டக் கூடாது. இங்கே பலர் 6 வாரம் ஓட்டுகிறார்கள், அங்கேதான் தோல் பேட்டின் பேர் கெடுகிறது.

சேணம்:
அப்படியானால் இந்தக் குதிரைக்கு எது? பேட் இல்லாமல் தாரில் நடத்தினால் மறுபடியும் கல் குத்தும் என்று பயமாக இருக்கிறது. வெட்ஜ் பற்றியும் சொல்லுங்கள்.

தென்றல்நடை:
வெட்ஜ் வேண்டாம். 2 அல்லது 3 பாகை சாய்வுள்ள பேட் குதியை உயர்த்தும்; மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துக் கோணத்தைத் திருத்தச் சொன்னால்தான் அதற்கு வேலை. தரோபிரெட்டின் தாழ்ந்த குதியில் காரணமில்லாமல் வைத்தால் எடை குதியில் குவியும். குதி நசுங்கி இன்னும் தாழும், அடுத்த முறை இன்னும் பெரிய வெட்ஜ் கேட்கும்.

ஃபிராக் ஆறும்வரை அகலப் பட்டை லாடம் போதும் அக்கா. உள்விளிம்பைச் சரிவாகக் குடைந்தது கேளுங்கள், அப்போதுதான் உள்ளங்குளம்பில் உரசாது. தினமும் கொக்கியால் சுரண்ட முடிவதால் மருந்தும் போடலாம். அதிர்ச்சி குறைய வேண்டுமென்றால் விளிம்பு பேட் சேர்க்கலாம். சுவரையும் லாடத்தையும் பிரிக்கும் வளையம்தான் அது, நடுவே திறந்திருக்கும். கல்லைத் தடுக்காது, தாரின் அதிர்வைக் குறைக்கும். சரளைப் பாதையில் இறங்கி நடத்திச் செல்லும் நேரத்துக்கு, லாடத்தின் மேல் மாட்டும் ரப்பர் பூட் வைத்துக்கொள்ளுங்கள். லாயம் வந்ததும் கழற்றிக் காயவிடுங்கள்.

ஃபிராக் உலர்ந்து, நாற்றம் போய், பள்ளத்தில் பஞ்சு சுத்தமாக வரத் தொடங்கியபின் ஊற்றுப் பேட். இரண்டு பாகமாக வரும் பாலியுரித்தேன் திரவம்; துப்பாக்கி வடிவக் கருவியில் போட்டு, கலக்கும் முனை வழியே நேராக உள்ளங்குளம்பில் ஊற்றுவது. இடைவெளி இல்லாமல் ஒட்டிவிடுவதால் மணல் நுழைய இடமே இராது. இந்த ஊரின் ஈரத்துக்கு, என் பார்வையில், முழு பேட்டைவிட இதுவே மேல். ஆனால் ஈரக் குளம்பில் ஒட்டாது, அங்கேதான் இங்கே பெரும்பாலும் கெடுகிறது.

முதல் நாள் மாலையிலிருந்தே குதிரை உலர்ந்த மரச்சீவல் மேல் நிற்கட்டும், அன்று குளிப்பாட்ட வேண்டாம். லாடம் அடித்தபின் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் பிடித்து உலர்த்துங்கள். மெல்லிய குளம்பில் கேஸ் டார்ச் வேண்டாம். முனையிலிருந்து வரும் முதல் கொஞ்சத்தை அட்டையில் விட்டு, நிறம் ஒரே சீராக வந்தபின்தான் குளம்பில் ஊற்ற வேண்டும். கலவை சரியில்லாத பகுதி இறுகாமல் பிசுபிசுக்கும். லாடம் 8 மி.மீ. தடிமன் என்றால், தரையைத் தொடும் மட்டத்துக்கு 2 மி.மீ. உள்ளே நிறுத்துங்கள். லாடத்தைவிட வெளியே துருத்தினால் எடை முழுக்க உள்ளங்குளம்பில் இறங்கும். பிளாஸ்டிக் தாளை மேலே வைத்து உள்ளங்கையால் மட்டம் செய்து, நகம் பதியாத வரை காலைக் கீழே விடாதீர்கள். நம் வெயிலில் சீக்கிரமே இறுகிவிடும்; குழாயை ஏர்கான் அறையில் வைத்திருந்து கடைசியில் எடுத்து வந்தால் ஊற்ற நேரம் கிடைக்கும்.

அழுகல் அல்லது சீழ் சந்தேகம் துளி இருந்தாலும் ஊற்றக் கூடாது. மூடிவிட்டால் உள்ளே நடப்பது வெளியே தெரியாது.

ஈரமண்:
ஹோஸையும் மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் எந்தப் பேட்டும் நிற்காது. நம் சூட்டில் உடலைக் குளிர்விக்காமல் விட முடியாது, சரிதான். ஆனால் தண்ணீரை வழித்துவிடும் பட்டையால் உடலில் அடிக்கடி வழித்து, கால் கீழ்ப்பகுதியில் குழாய் பிடிக்காமல் விடுங்கள். முடிந்ததும் குளம்பைத் துணியால் துடைத்து, உலர்ந்த ரப்பர் பாயில் நிற்கவைத்துவிட்டுக் கொட்டிலில் விடுங்கள். நாள் முழுதும் ஊறுவதும் காய்வதுமாக இருந்தால் சுவர் வெடிக்கும், ஆணித் துளை விரியும். மூத்திரம் ஊறிய சீவலைத் தினமும் அள்ளிவிடச் சைஸிடம் (குதிரையைப் பராமரிப்பவர்) சொல்லுங்கள், அமோனியா ஃபிராக்கை அரிக்கும். எப்சம் உப்பில் ஊறவைக்கும் யோசனை யாராவது சொன்னால், சீழ்க்கட்டிக்கு மருத்துவர் சொன்னால் மட்டும் செய்யுங்கள். மெல்லிய உள்ளங்குளம்பு ஊறினால் இன்னும் மென்மையாகும்.

சேணம்:
லாடக்காரர் நாளை மறுநாள் வருகிறார். முழு பேட்டையே வைக்க வேண்டும் என்று அவர் சொன்னால்?

லாடக்கொட்டில்:
ஃபிராக் ஆறியபின் என்றால் தவறில்லை, மூன்று விஷயத்தைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். உள்ளே சிலிக்கான் நிரப்பு குதிவரை முழுதாக, ஆனால் உள்ளங்குளம்பை அழுத்தாமல். பேட்டின் பின்ஓரத்தை லாடத்தின் குதியோடு செப்பு ரிவெட் போட்டு இணைக்க வேண்டும், அப்போது இரண்டுக்கும் நடுவில் மணல் ஏறாது. லாடத்துக்கு வெளியே பேட் ஒரு மி.மீ.கூட நீட்டாமல் வெட்ட வேண்டும். பின்கால் அதை மிதித்தால் லாடமே பிடுங்கிக்கொண்டு வரும். மெல்லிய அலுமினியப் பந்தய லாடத்தோடு வேண்டாம், அது வளையும், இரும்பு வேண்டும்.

கூடவே, குளம்பு திறந்திருக்கும்போதே ஒரு பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். காஃபின் எலும்பு நுனிக்குக் கீழே உள்ளங்குளம்பு 15 மி.மீ. தடிமன் இருந்தால் ஆரோக்கியம். 10 மி.மீ.க்குக் கீழே என்றால் காப்பு சில மாதங்களுக்காவது தேவைப்படும், அதற்கேற்பத் திட்டமிடலாம். பயோட்டின் கொடுப்பதானால் நாளைக்கு 20 மி.கி.; சுவர் மாதத்துக்கு 6 முதல் 10 மி.மீ.தான் வளரும், பலன் தெரிய ஏறக்குறைய ஓராண்டு ஆகும்.

சேணம்:
எக்ஸ்ரேயையும் அதே நாளில் ஏற்பாடு செய்துவிட்டேன். நாளைக் காலைக்குள் இடது லாடம் தானாகவே பாதி கழன்றால் என்ன செய்வது?

ஈரமண்:
நகர்த்தவே வேண்டாம், லாடத்தைக் கழற்றும்வரை கொட்டிலிலேயே நிறுத்துங்கள். எழும்பிய ஆணி உள்ளங்குளம்பில் ஏறிவிடும். கழற்றியதும் குழந்தை டயப்பரைக் குளம்பில் சுற்றி, ஒட்டும் பேண்டேஜ், அதன்மேல் டக்ட் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய சதுரம் வைத்துக் கட்டுங்கள். டேப் குளம்போடு நிற்கட்டும். மேலே மயிர் தொடங்கும் ஓரத்தில் இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்படும். டயப்பர் நனைந்தால் உடனே மாற்றுங்கள்.