உள்பக்கம் யாரும் பார்க்காத டயர்

குழு: சாட்ஸ்வர்த் வீடு, டர்பன் (தமிழ் எழுத்து மட்டும், ஆயா உத்தரவு)

திங்கள்

கவிதா, காலை 7:41
📷 படம்
என் வண்டியின் முன் டயர். உள் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பிரபு, 7:43
அது என்ன அக்கா, முடி மாதிரி?

செல்வம் மாமா, 7:44
முடி இல்லைடா, டயருக்குள் இருக்கும் கம்பி. கவிதா, எங்கே இருக்கிறாய்? ஹைவேயில் ஏறாதே.

கவிதா, 7:46
பெட்ரோல் பங்கில்தான் மாமா. காற்றுப் பார்த்த பையன் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கச் சொன்னான். "சிசி (அக்கா), இங்கே வந்து பாருங்கள்" என்றான். வெளிப்பக்கம் பட்டன் (ரப்பர் மேடு) அப்படியே இருக்கிறது, உள்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு மொட்டை. வலது டயரும் இதே கதை, கம்பி மட்டும் இன்னும் வரவில்லை.

கவிதா, 7:47
மூன்று வாரம் முன்னால்தான் டீலரிடம் சர்வீஸ் செய்தேன்!!

ஆயா, 7:50
யாருக்கும் அடிபடவில்லையே?

கவிதா, 7:50
இல்லை ஆயா. நன்றாக இருக்கிறேன். கோபம் மட்டும்தான்.

செல்வம் மாமா, 7:52
அங்கேயே நிறுத்து. என் பக்கியை (பிக்கப் வண்டி) எடுத்துக்கொண்டு வருகிறேன்.

கவிதா, பிற்பகல் 1:15
டீலரிடம் பேசிவிட்டேன். மூன்று தடவை போயிருக்கிறேன், மூன்று தடவையும் வேறு வேறு சர்வீஸ் அட்வைசர். இன்றைக்குப் பேசியவர் நாலாவது ஆள், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. அவர் கேட்ட ஒரே கேள்வி, "வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா?" இல்லை என்றேன். "அப்படியென்றால் சக்கரங்களின் கோணம், அதாவது அலைன்மென்ட், சரிதான் மேடம், குழியில் விட்டிருப்பீர்கள்" என்று முடித்துவிட்டார்.

பிரபு, 1:17
குழியில் விடாமல் டர்பனில் ஓட்ட முடியுமா? 2022 வெள்ளத்துக்குப் பிறகு நம் தெரு இருக்கும் லட்சணத்துக்கு 😂

கவிதா, 1:19
சர்வீஸ் தாளில் "டயர்கள்: நன்று" என்று பச்சை டிக் போட்டிருக்கிறார்கள். அப்போது மீட்டரில் 57,000. இப்போது 58,200. வண்டியைக் கழுவி, டேஷ்போர்டுக்குப் பாலிஷ் போட்டு, சீட்டில் மிட்டாய்கூட வைத்திருந்தார்கள்.

செல்வம் மாமா, 1:31
1,200 கிலோமீட்டரில் நல்ல டயரில் கம்பி தெரியாது. அன்றைக்கே தேய்ந்துதான் இருந்தது. சக்கரம் நேராக நிற்கும்போது குனிந்து வெளிப்பக்கத்தைப் பார்த்து டிக் அடித்திருக்கிறார்கள். லிஃப்டில் ஏற்றிய வண்டியில் டயர் கண்ணுக்கு நேரே தொங்கும். அப்போதும் பார்க்கவில்லை என்றால் என்ன சொல்ல.

"இழுக்கவில்லை, அதனால் சரி" என்பது அரைகுறைப் பேச்சு. ஒரு சக்கரம் மட்டும் திரும்பியிருந்தால் ஸ்டீயரிங் கோணும், வண்டி ஒரு பக்கம் போகப் பார்க்கும். இரண்டும் ஒரே அளவு வெளியே திரும்பியிருந்தால்? வாத்து நடக்கிற மாதிரி. இது இந்தப் பக்கம் இழுக்கும், அது அந்தப் பக்கம் இழுக்கும், வண்டி நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். டயர் மட்டும் உள்ளே அரைபட்டுக்கொண்டே இருக்கும்.

செல்வம் மாமா, 1:33
காலையில் கையால் தடவிப் பார்த்தேன். ஒரு திசையில் வழவழ. திருப்பித் தடவினால் தேங்காய்த் துருவி. அது டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, கெட்டதன் கையெழுத்து. காற்று குறைந்து ஓடியிருந்தால் இரண்டு ஓரமும் தேயும், அதிகமானால் நடுவில் தேயும். ஷாக் போயிருந்தால் திட்டுத்திட்டாகப் பள்ளம் விழும். டயரே சொல்லிவிடும், நாம்தான் கேட்பதில்லை.

பிரபு, 1:36
முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டு புனித வெள்ளிக்கு மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயில் போய் வந்துவிடலாமா மாமா? தீமிதி முடிந்ததும் புதிது வாங்கலாம்.

செல்வம் மாமா, 1:37
மழையில் பின் சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரம். என்3 ஹைவேயில் லாரிகளுக்கு நடுவில் பம்பரம் விளையாடப் போகிறாயா? ஆயாவை ஏற்றிக்கொண்டு?

சித்தி, 1:40
பட்டன் 1 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே இந்த நாட்டில் அந்த டயரை ரோட்டில் ஓட்டக்கூடாது. கம்பி தெரிந்தால் பேச்சே இல்லை. விபத்து ஆனால் இன்சூரன்ஸ்காரன் முதலில் டயரைத்தான் பார்ப்பான்.

ஆயா, 1:44
வண்டி சரியாகவில்லை என்றால் பக்கத்தில் இசிபிங்கோ மாரியம்மனையே கும்பிடலாம். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

செவ்வாய்

கவிதா, காலை 9:05
டீலர் கொட்டேஷன்: இரண்டு டயர், "சஸ்பென்ஷன் பரிசோதனை", அலைன்மென்ட், மொத்தம் 9,800 ராண்ட். வெளியே செய்தால் வாரண்டி போய்விடுமாம்.

சித்தி, 9:12
யார் சொன்னது? 2021 ஜூலை 1 முதல் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல் நடப்பில் இருக்கிறது. வெளியே வேலை செய்தாய் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யக்கூடாது. வெளி வேலையால் ஏதாவது கெட்டால் அந்தச் சேதத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை, அவ்வளவுதான். பில்லைப் பத்திரமாக வை.

சித்தி, 9:15
அப்புறம், போனில் பேசுவதை நிறுத்து. மெயில் போடு. டிக் போட்ட தாள், டயர் படம், இரண்டு மீட்டர் எண்ணும் போதும். 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 54ஆம் பிரிவு: சேவை தரமாக இல்லையென்றால் குறையைச் சரிசெய்யக் கேட்கலாம், இல்லை கட்டணத்தில் நியாயமான பங்கைத் திருப்பிக் கேட்கலாம். மசியவில்லை என்றால் வண்டிப் புகார்களை விசாரிக்கும் மோட்டார் ஆம்பட்ஸ்மன்.

கவிதா, 9:16
டயர் காசையே கேட்கலாமா சித்தி?

சித்தி, 9:18
தேய்த்தது அவர்கள் இல்லையே. பார்க்காமல் பார்த்ததாக எழுதியதுதான் அவர்கள் தப்பு. அதை மட்டும் பிடி. எல்லாவற்றையும் கேட்டால் எதுவும் வராது.

பிரபு, 9:20
🔥 சித்தி

செல்வம் மாமா, 9:26
நாளைக்கு ஜேக்கப்ஸில் என் பழைய சிநேகிதன் கடைக்குப் போவோம். முதலில் அடியில் லீவர் போட்டு ஆட்டிப் பார்க்க வேண்டும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்மின் ரப்பர் புஷ் தளர்ந்திருந்தால் மெஷினில் நிற்கும்போது அளவு ஒன்று காட்டும், பிரேக் பிடிக்கும்போது வேறாக ஓடும். அதை மாற்றாமல் அலைன்மென்ட் செய்தால் காசு ஆற்றோடு போச்சு.

புதன்

கவிதா, பிற்பகல் 3:22
📷 படம்
லோயர் ஆர்ம் புஷ் இரண்டும் கிழிந்திருந்தன. லீவரை வைத்ததும் ரப்பர் வாய் பிளந்தது, என் கண்ணாலேயே பார்த்தேன்.

கவிதா, 3:25
📷 படம்
புது புஷ் போடும் முன்னால் மெஷினில் ஏற்றி எடுத்த பிரிண்ட். டோ: இடது −0.28, வலது −0.26 (மைனஸ் என்றால் வெளியே திரும்பியிருக்கிறதாம்).

செல்வம் மாமா, 3:29
பார்த்தாயா, இரண்டும் ஏறக்குறைய சமம். அதனால்தான் இழுக்கவில்லை. 0.28 டிகிரி என்றால் கடுகளவுதான் தெரியும். ஆனால் கணக்குப்படி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 5 மீட்டர் டயர் பக்கவாட்டில் உரசுகிறது. நீ தினமும் உம்ஹ்லாங்கா போய் வருகிறாய், பெருக்கிக்கொள்.

சரிசெய்வதற்கு முன், சரிசெய்த பின் என்று இரண்டு அளவும் உள்ள பிரிண்ட் இல்லாமல் எந்தக் கடையிலும் அலைன்மென்ட் காசு கொடுக்காதே. நான் வேலை பார்த்த கடையிலேயே ஸ்டீயரிங்கை மட்டும் நேராக்கி அனுப்பிய ஆட்கள் உண்டு.

பிரபு, 3:31
அது நீங்கள் இல்லையே மாமா? 😏

செல்வம் மாமா, 3:31
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கவிதா, 3:40
😂😂 மொத்தம் 4,600 ராண்ட். டயர் 2,900, புஷ் கூலியோடு 1,300, அலைன்மென்ட் 400.

கவிதா, மாலை 5:02
மெயிலுக்குப் பதில் வந்துவிட்டது! "உங்கள் அதிருப்திக்கு வருந்துகிறோம்." இலவசமாக ஒரு தடவை வண்டி கழுவித் தருவார்களாம்.

பிரபு, 5:03
மிட்டாய் உண்டா கேள்.

சித்தி, 5:06
அந்தப் பதிலை அழிக்காதே. ஆம்பட்ஸ்மனுக்கு அதையும் சேர்த்து அனுப்புவோம். ஈஸ்டர் முடிந்து செவ்வாய்க்கிழமை என் ஆபீஸுக்கு வா.

ஆயா, 5:20
அப்போ மாரிட்ஸ்பர்க் உண்டா?

கவிதா, 5:21
உண்டு ஆயா. வெள்ளி காலை 5 மணிக்குக் கிளம்பலாம்.

ஆயா, 5:24
சரி. பிரபு, எலுமிச்சம்பழம் நாலு வாங்கி வா. சக்கரத்துக்கு வைக்க வேண்டும்.

பிரபு, 5:25
டயர் இரண்டுதான் புதிது ஆயா.

ஆயா, 5:27
பழைய இரண்டும் வீட்டிலா இருக்கப்போகிறது?