புதுப்பிப்பு: பிகாசாவுக்குப் பதிலா டிஜிகேம்

போட்டோ அடுக்கி வைக்கிற பிகாசா சாஃப்ட்வேரை விட்டுட்டு எதுக்கு மாறலாம்னு போன மாசம் கேட்டிருந்தேனே? கூகுள் 2016லயே நிறுத்தின சாமான், நான்தான் பிடிவாதமா வச்சிருந்தேன். கடைசியில அதே வேலையைச் செய்யுற டிஜிகேம் போட்டாச்சு. இலவசம். படத்துல யார் யார்னு முகம் தேடுற வேலை நம்ம கம்ப்யூட்டர்லயே முடிஞ்சிடுது. காசிமேட்டு ஏலத்துல அப்பா வஞ்சிரத்தைத் தூக்கிப் பிடிச்ச படத்துல, பின்னாடி பாதி மறைஞ்சு நின்ன சித்தப்பாவையும் பிடிச்சிருச்சு. வலை மிதவை ஒண்ணையும் முகம்னுச்சு, அது வேற கதை.

ஒண்ணு மறக்காதீங்க: செட்டிங்ஸ்ல, டேக் (படத்துல யாரு, என்னன்னு போடுற பேர்க்குறிப்பு) எல்லாம் போட்டோ ஃபைல்லயே எழுதச் சொல்லிடுங்க. டிஜிகேமோட டேட்டாபேஸ்ல மட்டும் இருந்தா, நாளைக்கு வேற சாஃப்ட்வேர் மாறும்போது அத்தனை உழைப்பும் காலி.

ரா படத்தை (கேமரா மெருகேத்தாம அப்படியே சேமிக்கிற படம்) திருத்த டார்க்டேபிள்னு இன்னொரு சாஃப்ட்வேர். அசலைத் தொடாம, திருத்தத்தைப் பக்கத்துலயே எக்ஸ்எம்பிங்கிற தனிக் குறிப்பு ஃபைலா வச்சுக்குது. ரெண்டு நாள் தலை சுத்துச்சு, இப்ப பரவாயில்ல.