உமிழ்வுச் செறிவு குறைந்தால் போதுமா?

கரிக்கோடு:
ஜிடிபியில், அதாவது ஒரு நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பில், ஒவ்வொரு ரூபாய்க்கும் அல்லது டாலருக்கும் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்பதுதான் உமிழ்வுச் செறிவு. 2005ஐ ஒப்பிட்டு 2020க்குள் இதை 40 முதல் 45 சதவீதம் குறைப்பதாக 2009இல் சீனா அறிவித்தது. சொன்னதைவிட அதிகமாகவே குறைத்தது. ஆனால் அந்த 15 ஆண்டுகளில் அதன் மொத்த உமிழ்வு ஏறியது. இலக்கை எட்டியும் புகை கூடுகிறது என்றால் அது என்ன இலக்கு?

தென்றல்வாசி:
இன்னும் சாலையும் வீடும் கட்டிக்கொண்டிருக்கும் நாட்டிடம் மொத்தத்தைக் குறை என்று எப்படிக் கேட்பீர்கள்? அமெரிக்காவில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 14 டன், இந்தியாவில் 2 டன். 2015இல் 33-35 சதவீதச் செறிவுக் குறைப்பு என்ற இந்தியா, 2022இல் அதை 45 ஆக்கியது. வளர்ந்துகொண்டே சுத்தமாவதற்கு இதுதான் நியாயமான அளவுகோல்.

கரிக்கோடு:
நியாயத்துக்குத் தலா உமிழ்வு போதும், அதில் உங்களோடு நிற்கிறேன். செறிவுக்குப் பின்னால் பணக்கார நாடும் ஒளிந்துகொள்ளும். பணக்கார நாடுகளின் உமிழ்வுக்கு வரம்பு வைத்த கியோட்டோ ஒப்பந்தத்தை உதறிய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் 2002இல் அறிவித்தது எது? பத்து ஆண்டில் 18 சதவீதச் செறிவுக் குறைப்பு! கணக்கையும் பாருங்கள். ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் பத்து ஆண்டில் பொருளாதாரம் இரண்டு மடங்கு. அதே காலத்தில் செறிவு 45 சதவீதம் இறங்கினாலும் 100 டன் என்பது 110 டன் ஆகும். காற்றில் சேர்வது அந்த 110 டன்தான்.

நடுக்கரை:
ஒன்றை இருவரும் விட்டுவிட்டீர்கள். எஃகை இறக்குமதி செய்துகொண்டு வங்கி, காப்பீடு என்று சம்பாதிக்கும் நாட்டின் செறிவு தானாகவே அழகாகத் தெரியும். உலையின் புகை எஃகு காய்ச்சிய நாட்டின் கணக்கில் ஏறிவிடும். பிரிட்டன் 2024இல் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடியது உண்மையான சாதனை, மறுக்கவில்லை. ஆனால் வாங்கும் பொருளின் உமிழ்வையும் சேர்க்காமல் நாடுகளை ஒப்பிடாதீர்கள். ஜிடிபியைச் சந்தை மாற்று விகிதத்தில் எடுப்பதா, உள்நாட்டு விலைவாசியைக் கணக்கில் கொள்ளும் வாங்கும் திறனில் எடுப்பதா என்பதைப் பொறுத்தும் நாடுகளின் வரிசை மாறிவிடும்.

தென்றல்வாசி:
சரி, ஒப்பீட்டுக்கு வேண்டாம். ஒரு நாடு தன்னையே அளந்து பார்க்கவாவது வேண்டாமா? ஜப்பானியப் பொருளியலாளர் யோய்ச்சி காயா உமிழ்வை நான்காகப் பிரித்தார்: மக்கள்தொகை, தலா வருமானம், உற்பத்திக்கு ஆகும் ஆற்றல், ஆற்றலில் இருக்கும் கரி. எந்த அரசும் தைரியமாகக் கை வைக்கக்கூடியவை கடைசி இரண்டும்தான். அவற்றைப் பெருக்கினால் வருவதே செறிவு.

கரிக்கோடு:
அப்படியானால் கூடவே உச்ச ஆண்டையும், அதாவது மொத்த உமிழ்வு எந்த ஆண்டுக்குப் பின் இறங்கத் தொடங்கும் என்பதையும், எழுதச் சொல்லுங்கள். 2030க்கு முன் உச்சம் தொடுவோம் என்று சீனா சொல்லிவிட்டது. இந்தியாவின் 2022 உறுதிமொழியில் 45 சதவீதம் இருக்கிறது, 2070இல் நிகர பூஜ்யம், அதாவது வெளியிடும் அளவையே திரும்ப உறிஞ்சிவிடுவது என்ற நோக்கமும் இருக்கிறது. உச்ச ஆண்டு மட்டும் இல்லை.