பேலியோஎன்டமாலஜி: ‘தொல்பூச்சியியல்’ பொருந்துமா?

> ‘புதைபடிவப் பூச்சியியல்’ என்றே வைத்துவிடலாம். பார்த்தவுடன் பொருள் விளங்குகிறதே.

நண்பர்களுக்கு வணக்கம். பழங்காலத்துப் பூச்சிகளை ஆராயும் துறையான பேலியோஎன்டமாலஜிக்கு (paleoentomology) நம் கலைச்சொல் பட்டியலில் ‘தொல்பூச்சியியல்’ என்று வைக்கலாமா என்பதே கேள்வி. மேலே இருப்பது அதற்கு வந்த ஒரு மாற்று யோசனை.

விளங்குகிறது, ஆனால் பாதிதான். இத்துறையில் ஆயுள் முழுக்க உழைத்த ஒருவரை எடுத்துக்கொண்டு சொல்லைப் பொருத்திப் பார்ப்போம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் கார்ப்பென்டர் (1902–1994) இதற்கு ஏற்றவர்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எல்மோ என்னும் சிற்றூருக்கு அருகே பெர்மியன் காலத்துச் (சுமார் 30 முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்) சுண்ணாம்புக்கல் அடுக்கு இருக்கிறது. அங்கே கிடைத்த பூச்சிகளை ஆராய்ந்துதான் கார்ப்பென்டர் பெயர் பெற்றார். 1939இல் அவர் விவரித்த மெகனியூராப்சிஸ் பெர்மியானா, தட்டானுக்குத் தூரத்து உறவு. சிறகை விரித்தால் சுமார் 70 செ.மீ. இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். இத்தனைக்கும் கையில் இருந்தது முழுமை பெறாத ஒரு சிறகு.

கல்லில் கிடைக்கும் பூச்சிகள் பலவற்றின் நிலை இதுதான். உடல் சிதைந்துவிடுகிறது, சிறகு தங்குகிறது. எந்த நரம்பு எங்கே கிளைக்கிறது, எது மேடாக ஓடுகிறது, எது பள்ளத்தில் இறங்குகிறது என்பதை வைத்தே அது எந்தக் குடும்பம் என்று சொல்ல வேண்டும். இன்று பறக்கும் பூச்சிகளின் சிறகுகளைப் பார்த்துப் பழகாத கண்ணுக்கு அது வெறும் கோடுகள்தான். கார்ப்பென்டர் வட அமெரிக்காவின் தேள் ஈக்களையும் பாம்பு ஈக்களையும் வகைப்படுத்தியவர். பாம்பு ஈக்களைப் பற்றிய அவருடைய 1936ஆம் ஆண்டு ஆய்வின் தலைப்பே, இன்றுள்ளவையும் புதைபடிவங்களும் சேர்ந்தது என்று சொல்கிறது. அப்படிப்பட்டவரைப் ‘புதைபடிவ’ என்ற அடைக்குள் அடைப்பது எனக்கு உடன்பாடில்லை.

இன்னொரு இடறல் ‘படிவம்’. நியூ ஜெர்சியில் கல்லாய் இறுகிய மரப்பிசினுக்குள் கிடைத்த எறும்பை 1967இல் கார்ப்பென்டரும், அவரிடம் முனைவர் பட்டம் பெற்ற எட்வர்டு வில்சனும், வில்லியம் பிரவுனும் சேர்ந்து விவரித்தார்கள். ஸ்ஃபெகோமிர்மா என்று பெயர். நம் மொழியில் குளவியெறும்பு. வயது சுமார் 9 கோடி ஆண்டு. குளவிக்குரிய குட்டைத் தாடைகள், எறும்புக்குரிய இடுப்பு. இது கல்லில் பதிந்த அச்சு இல்லை, பிசினுக்குள் முப்பரிமாணத்தில் நிற்கும் உடல். ‘தொல்லுயிர் எச்சம்’ என்றால் இதுவும் அடங்கும், ‘புதைபடிவம்’ என்றால் இழுத்துப் பொருத்த வேண்டியிருக்கிறது. ஆகவே ‘தொல்’ என்ற அடையே போதும்.

> ‘பூச்சி’ துல்லியமான சொல் இல்லையே? ‘தொல்லறுகாலியியல்’ எப்படி?

நியாயமான ஐயம். சிலந்தியை எட்டுக்கால் பூச்சி என்கிறோம், குழந்தைக்கு வயிற்றில் பூச்சி என்று மருந்து வாங்குகிறோம். கார்ப்பென்டர் 1992இல் முடித்துத் தந்த பெருந்தொகுதிக்கும் அறுகாலிகள் என்ற பொருளில்தான் தலைப்பு. ஆனால் வேளாண் படிப்பில் ‘பூச்சியியல்’ வேரூன்றிப் பல காலமாகிறது. அதை விட்டுவிட்டுக் கிளைத்துறைக்கு மட்டும் வேறு வேர் தேடினால் மாணவர் குழம்புவார். தவிர, ‘தொல்லறுகாலியியல்’ என்று மூன்று முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள்!

‘தொற்பூச்சியியல்’ என்று புணர வேண்டாமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். ‘நல்’ ‘நற்’ ஆகும் ‘நற்பண்பு’ என்ற சொல் அவர் பக்கம். ‘தொல்’ மாறாமல் நிற்கும் ‘தொல்பொருள்’, ‘தொல்காப்பியம்’ என் பக்கம். இயல்பாகவே விடலாம்.

என் பரிந்துரை: துறை தொல்பூச்சியியல், ஆய்வாளர் தொல்பூச்சியியலாளர், சிறகில் இருப்பது சிறகு நரம்பமைப்பு. மறுப்பு இருந்தால் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் எழுதுங்கள்.

கல்லான மரப்பிசினுக்கு (amber) மட்டும் தனி விவாத இழை தேவைப்படும். ‘அம்பர்’ என்று எழுதினால் திமிங்கிலத்திலிருந்து கிடைக்கும் நறுமணப் பொருளான அம்பரும் கூடவே வந்து நிற்கிறது.